கழற்றிப் பார்ப்பதா, கடைக்குக் கொடுப்பதா, புதிதே வாங்குவதா?

"இதுக்குச் செலவு பண்றதுக்கு, இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசே எடுத்துக்கலாமுங்கக்கா."

மிக்ஸியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போன யாரும் இந்த வரியைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். நானும் கேட்டேன். மோட்டார் ஓடுகிறது, ஜாருக்குள் பிளேடு சுற்றவில்லை. இதுதான் கோளாறு. கடையில் இருந்த தம்பி மிக்ஸியைப் பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. "எத்தன வருசமாச்சுங்க? ஒம்போதா? அப்ப மோட்டாரு வீக் ஆயிருக்கும்" என்றார். எதிர்ச்சுவரில் புது மிக்ஸிகள் அடுக்கியிருந்தன.

வீட்டுக்கு வந்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஜார் உட்காரும் இடத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் இருக்குமே, கப்ளர், அதன் பற்களெல்லாம் மழுங்கி, தேய்ந்த அழிரப்பர் மாதிரி வழவழவென்று இருந்தது. மோட்டார் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது. ஜாரைப் பிடித்துச் சுற்ற அதற்குப் பல் இல்லை, அவ்வளவுதான். புதுக் கப்ளர் 50 ரூபாய். மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் தெரியும் தண்டின் பிளவில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு கப்ளரைத் திருக வேண்டும். எங்கள் மிக்ஸியில் மரை தலைகீழ். அது தெரியாமல் இருபது நிமிடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் எரிச்சலில் எதிர்ப்பக்கம் திருகியதும் 'டக்' என்று கழன்று கையில் வந்தது. அன்று மாலையே தேங்காய்ச் சட்னி.

அந்தக் கப்ளரை ஏன் ரப்பரில் செய்கிறார்கள் என்று அப்புறம் யோசித்தேன். இரும்பில் செய்திருந்தால் தேயவே தேயாதே? ஆனால் மஞ்சள் கிழங்கோ கொப்பரையோ பிளேடில் சிக்கிக்கொள்ளும்போது அந்த அடியை யாராவது வாங்கியாக வேண்டும். ரப்பர் வாங்கிக்கொண்டு தேய்ந்தால் போவது 50 ரூபாய். மோட்டார் வாங்கினால் மிக்ஸியே போகும். ஆக அந்தப் பாகம் தேய்வதற்கென்றே வைத்த பாகம். பலியாடு.

அதற்குப் பிறகு வீட்டில் எது பழுதானாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி விலை பற்றியது இல்லை. போனது பலியாடா, உயிரா என்பதுதான். குக்கர் காஸ்கெட், குழாய் வாஷர், கிரைண்டர் பெல்ட், மிக்ஸி கார்பன் பிரஷ், ஃபேன் கெபாசிட்டர் இதெல்லாம் பலியாடுகள். இவை போனதற்காகப் பொருளையே மாற்றுவது, டயர் தேய்ந்ததற்கு வண்டியை விற்பது போல. மோட்டார் காயில், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், கீசர் டேங்க் எல்லாம் உயிர். அங்கே வந்தால் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நான் தப்பாகச் செய்தால் என்ன ஆகும்? தரை நனையுமா, பொருள் வீணாகுமா, ஆளே போவோமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் கையா, மெக்கானிக்கா, ஷோரூமா என்பது முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் பொருளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலும் அதைச் சொல்லியே கையை விரித்துவிடுவார்கள்.

குழாய்: பாதி வரை நீங்கள், மீதி பிளம்பர்

கோவைக்காரர்களுக்கு வீட்டில் இரண்டு தண்ணீர். சிறுவாணித் தண்ணி ஒன்று, போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணி ஒன்று. சொட்டுகிற குழாய் எது என்று பாருங்கள், பத்துக்கு எட்டு உப்புத் தண்ணிக் குழாயாகத்தான் இருக்கும். சுண்ணாம்பு படிந்து படிந்து உள்ளே இருக்கிற பாகத்தை அறுத்துவிடும்.

பழைய பித்தளைக் குழாய், நாலைந்து சுற்று திருகி மூடுகிற வகை என்றால், உள்ளே ஸ்பிண்டில் என்கிற திருகுத் தண்டின் நுனியில் ஒரு ரப்பர் வாஷர். பத்து ரூபாய்க்குள் முடிகிற சமாச்சாரம். கால் சுற்றில் திறந்து மூடுகிற இப்போதைய குழாய்களில் வாஷர் கிடையாது. பீங்கான் தகடு இரண்டு ஒன்றின் மேல் ஒன்று உரசி மூடும். அது கீறிப்போனால் அந்தத் தகடுகள் உள்ள கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். சாதாரண ரகத்துக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய். கீறல் இல்லாமல் வெறும் உப்பு படிந்ததுதான் என்றால் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு. கடைக்குப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பல் எண்ணிக்கையும் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாயால் விளக்கி வாங்கிவந்த எதுவும் எனக்கு இதுவரை பொருந்தியதில்லை.

வேலை என்ன? மாடி டேங்கின் கேட் வால்வையோ, பேசினுக்கு அடியில் இருக்கிற ஆங்கிள் காக்கையோ மூடவேண்டும். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிக்க வேண்டும். கைப்பிடியின் மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்பேனரால் ஸ்பிண்டிலை எடுத்து, புதியதைப் போட்டு இறுக்க வேண்டும். அரை மணி நேரம். பிளம்பரைக் கூப்பிட்டால் வாஷர் பத்து ரூபாய், வந்து போன கூலி முந்நூறு. அதைக் குறை சொல்லவில்லை, அவர் வண்டியில் வந்து போக வேண்டுமே. சின்ன வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். குழாயின் வயிற்றுக்குள் இருக்கிற கோளாறு எல்லாம் நம் வேலை என்பது என் கட்சி.

குழாயைச் சுவரிலிருந்தே கழற்றுவது வேறு கதை. அதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

குளியலறைக் குழாய் பதினைந்து வருடப் பழசு. முழுதாக மாற்றிவிடலாம் என்று பைப் ரெஞ்சைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. வீட்டுக்காரரும் வந்து ஒரு கை கொடுத்தார். அசைந்தது. ஆனால் குழாய் மட்டும் வரவில்லை, சுவருக்குள் இருந்த நிப்பிள் என்கிற துருப்பிடித்த இரும்பு இணைப்புத் துண்டும் பாதியில் ஒடிந்து அதோடு வந்தது. கேட் வால்வு முழுதாக மூடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பழைய துணியைச் சுருட்டி ஓட்டையில் அடைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறைவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம், மாடி டேங்க் காலியாகும் வரை. மறுநாள் பிளம்பர் வந்து சுவரைக் கொத்தினார். இரண்டு டைல்ஸ் போயிற்று. அந்த டிசைன் இப்போது வருவதில்லையாம். குளியலறையில் இன்றைக்கும் அந்த இரண்டில் மட்டும் வேறு பூ. மொத்தச் செலவு 2,200 ரூபாய். குழாயின் விலை அதில் 350.

அதனால் பாதி வரை என்று சொன்னேன். சுவருக்குள் போகிற எதையும், பத்து வருடத்துக்கு மேல் அசையாத மரை எதையும், நான் இனிமேல் தொடுவதாக இல்லை. தொடத்தான் போகிறீர்கள் என்றால் கேட் வால்வு உண்மையிலேயே மூடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையிலும் தொடாதீர்கள், அன்று பிளம்பரும் கிடைக்கமாட்டார், ஹார்டுவேர் கடையும் இருக்காது.

ஃபேன்: சரிசெய்வது சுலபம், ஆனாலும் மாற்றலாமா என்று யோசிக்க வேண்டிய ஒன்று

ஃபேன் ஆமை வேகத்தில் சுற்றுகிறது, அல்லது 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கிறது, குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது. இப்படி இருந்தால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். கூரைப்பக்கக் கிண்ணத்துக்குள்ளோ, தண்டின் அடியிலோ தீப்பெட்டி அளவில் ஒன்று இருக்கும். அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்றோ, அதை ஒட்டிய ஓர் எண்ணோ போட்டிருக்கும். அதே எண்ணில் வாங்கிப் போட வேண்டும். பெரிய எண் போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றுமே என்று நினைக்க வேண்டாம், மோட்டார்தான் சூடாகும். விலை 50 ரூபாயை ஒட்டி.

இதை நான் கையால் செய்கிறேன். ஆனால் எல்லோரும் செய்யுங்கள் என்று சொல்லத் தயக்கம். காரணம் மின்சாரம் மட்டும் இல்லை, ஏணியும்தான். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பவர் நம்மில் பாதிப்பேர். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்துவிட்டால், அணைத்த பிறகும் ஃபேனுக்குள் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, கெபாசிட்டரின் இரு முனைகளையும் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை சேர்த்துத் தொட்டுவிட்டு, அப்புறம்தான் விரலை வைக்க வேண்டும். கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், மெயின் பாக்ஸ் பக்கம் யாரும் போகக்கூடாது. இவ்வளவும் முடியாதென்றால் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் இருநூறு ரூபாய் வீண் இல்லை.

இனி மூன்றாவது வழி, புதிது வாங்குவது. பழைய ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புது ரக மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுமார். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம், அதனால் கடையில் அட்டையைப் பார்த்தே ஒப்பிட்டுவிடலாம். எங்கள் ஹால் ஃபேன் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிறது. 45 வாட் மிச்சம் என்றால் நாளுக்குக் கிட்டத்தட்ட 0.7 யூனிட். குளிர்நாட்களைக் கழித்து வருடத்துக்கு 300 நாள் போட்டால் 200 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 1,000 ரூபாய் மிச்சம். 3,000 ரூபாய் ஃபேன் மூன்று வருடத்தில் தன் விலையைத் தானே கட்டிவிடும். மிச்சமாகும் யூனிட் நம் பில்லில் உச்சி ஸ்லாபிலிருந்துதான் கழியும் என்பதால், ஏசி வைத்து அதிகம் எரிக்கிற வீடுகளில் இன்னும் சீக்கிரம்.

அதே ஃபேனை விருந்தாளி அறையில் மாட்டினால்? நாளுக்கு ஒரு மணி நேரம் சுற்றுகிற அறை. வருடம் முழுக்க ஓடினாலும் மிச்சம் 16 யூனிட், 80 ரூபாய். விலையை மீட்க முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அங்கே 50 ரூபாய் கெபாசிட்டர்தான்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றும் உண்டு. பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. அது போனால் போர்டையே மாற்ற வேண்டும், நம் வீட்டு ஏணியில் நின்று செய்கிற வேலை இல்லை அது. மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பதற்கு ரிப்பேர் சுலபத்தை விலையாகக் கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் ஹாலுக்குப் புதிது வாங்கினோம், படுக்கையறை இரண்டிலும் பழசே ஓடுகிறது.

மிக்ஸியும் கிரைண்டரும்

மிக்ஸிக்கு முதல் வைத்தியம் காசில்லாதது. திடீரென்று நின்றுவிட்டால் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அதிகச் சுமையில் தானாக வெட்டிக்கொள்ளும் ஓவர்லோடு சுவிட்ச் அது. பத்து நிமிடம் ஆறவிட்டு அமுக்கினால் உயிர் வந்துவிடும். இதைத் தெரியாமல் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

உள்ளே நீலப்பொறி அதிகமாகத் தெறித்து, கருகல் வாடையும் விட்டுவிட்டு ஓடுவதுமாக இருந்தால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஜோடி நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் மிக்ஸியைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும், சில மாடல்களில் நன்றாகவே கஷ்டம். இதற்கு மெக்கானிக்கிடம் கொடுப்பேன், வேடிக்கை பார்க்க நின்றுகொள்வேன். ஜார் அடியில் தண்ணீர் ஒழுகினால் புஷ் போயிருக்கும், பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பவரே பத்து நிமிடத்தில் மாற்றித் தருவார்.

காயில் எரிந்துவிட்டது என்றால்தான் நிஜமான முடிவெடுக்கும் இடம். ரீவைண்டிங் செய்ய, அதாவது காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்ட, 700, 800 கேட்பார்கள். புது மிக்ஸி 3,000 முதல். பழைய மிக்ஸியின் ஜார்கள் நன்றாக இருந்து, உடம்பு உடையாமல் இருந்தால் கட்டலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "காப்பர்ல கட்டுவீங்களா, அலுமினியத்துலயா?" அலுமினியத்தில் கட்டினால் விலை குறையும், சூடு ஏறும், ஒரு வருடத்தில் மறுபடி அதே கடை. காப்பரா என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம். ஏதாவது பாகத்தை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேட்பதும் நல்ல பழக்கம்.

வெட் கிரைண்டர் பற்றி ஒரு கோவைக்காரி எழுதும்போது கொஞ்சம் பெருமை எட்டிப்பார்க்கத்தான் செய்யும். புவிசார் குறியீடே வாங்கிய சாமான் இது. என் கணிப்பில் வீட்டில் உள்ள மின்சாதனங்களிலேயே தூக்கிப்போட அவசியமே இல்லாதது கிரைண்டர்தான். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு டிரம், கல். ஒளித்துவைத்த எலக்ட்ரானிக் எதுவும் கிடையாது. 2011-இல் தமிழக அரசு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறிகளில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கிடைத்த கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. இரண்டு முறை பெல்ட் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். மோட்டார் ஓடி டிரம் வழுக்கினால் பெல்ட். அடிப்பாகத்தைத் திறந்து, பழைய பெல்ட்டில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அதையே வாங்கி மாட்டிவிடலாம். டிரம்மில் 'கர்ர்' என்ற சத்தம் வந்தால் பேரிங், அது கடைக்குத்தான்.

எங்கள் கிரைண்டரில் கொஞ்ச நாளாக மாவு சூடேறி, நேரமும் ஒன்றரை மடங்கு இழுத்தது. மோட்டார் கோளாறு என்று நான் நெட்டில் தேடிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து கல்லை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்கள். "கல்லு கொத்தி எத்தன வருசமாச்சு சாமி? கண்ணாடியாட்டம் இருக்குது." அம்மி கொத்துகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்து ஆள். கல் கொத்தக் கொடுத்ததில் சரியாகிவிட்டது. மோட்டாரைப் பிரித்திருந்தால் நல்லதைக் கெடுத்திருப்பேன்.

குக்கர், கேஸ்

குக்கரில் மாற்றுகிற வேலை முழுக்க நம்முடையது, ரிப்பேர் என்கிற பேச்சு கிடையாது. காஸ்கெட் தளர்ந்து ஓரமாக ஆவி போனால் புதிது வாங்கிப் போடுவது. சேஃப்டி வால்வு உருகிவிட்டால் புதிது வாங்கிப் போடுவது. தண்ணீர் வற்றிச் சூடு மிஞ்சும்போது உருகி ஆவியை வெளியே விடுவதற்கென்றே அதில் சீக்கிரம் உருகும் உலோகம் வைத்திருக்கிறார்கள். பலியாடுகளில் இதுதான் தலையாய பலியாடு, உங்கள் முகத்துக்குப் பதிலாக அது போகிறது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்த ஒரு குக்கரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில். அன்று பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்தந்தக் கம்பெனி அசல் பாகம்தான் வாங்க வேண்டும். பிளாட்பாரத்தில் விற்கிற 'எல்லாத்துக்கும் சேரும்' காஸ்கெட் வேண்டாம். இந்த இருபது, முப்பது ரூபாய் மிச்சத்தில் ஒரு பெருமையும் இல்லை. குக்கரின் அடி உப்பியிருந்தாலோ, மூடி உட்காரும் விளிம்பு நெளிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். புதியதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 2347 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேஸ் அடுப்பில் பர்னரைக் கழுவுவது, ஊசியால் துளையைக் குத்தி எடுப்பது வரைக்கும் நம் வேலை. டியூப்பை ஒட்டுவது, டேப் சுற்றுவது எல்லாம் கூடாது. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்புக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், தேதி அதன் மேலேயே இருக்கும். ரெகுலேட்டர் கோளாறு என்றால் ஏஜென்சியில்தான் மாற்ற வேண்டும். கேஸ் வாடை வந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர்

இந்த மூன்றும் பெரிய காசு. அதனால்தான் பயந்து உடனே ஆளைக் கூப்பிடுகிறோம். ஆனால் வந்த ஆள் செய்கிற வேலையில் ஒரு பங்கு துப்புரவுதான்.

ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா? பின்சுவரின் கீழே ஒரு சின்ன வடிகால் ஓட்டை இருக்கும். கறிவேப்பிலைக் காம்போ கொத்தமல்லி இலையோ அடைத்திருக்கும். மெல்லிய வயரால் குத்திவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் போய்விடும். கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் காஸ்கெட் தளர்ந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஹேர் டிரையர் காட்டி நிமிர்த்தினாலே பலமுறை சரியாகும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். இப்போதைய ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்ற வாயுவை நிரப்புகிறார்கள், பின்பக்க ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். ஐசோபியூட்டேன் அது, தீப்பிடிக்கும். ஃப்ரீசரில் கட்டிய ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்கிற நம் ஊர்ப் பழக்கம் அங்கே எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் போய்விட்டது, ஃபிரிட்ஜுக்கு வயது பத்துக்கு மேல் என்றால் நான் புதிதுதான் வாங்குவேன். ஃபிரிட்ஜ் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற பொருள், ஃபேனுக்குப் போட்ட மின்சாரக் கணக்கு இதற்கும் பொருந்தும். ஆனால் ஒருவர் வந்து பார்த்துவிட்டு "கம்ப்ரஸர் அவுட்டுங்க" என்றால் இன்னொருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் சித்தி வீட்டில் அப்படி அவுட் ஆன கம்ப்ரஸர், அதைத் தொடங்கிவைக்கும் நானூறு ரூபாய் ரிலேயை மாற்றியதில் உயிர்பிழைத்து நாலு வருடமாக ஓடுகிறது.

வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக ஏறினால் பின்பக்க இன்லெட் குழாயின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள், உப்புத் தண்ணி வீடுகளில் இது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை. தண்ணீர் வெளியே போகாவிட்டால் முன்பக்கம் கீழே உள்ள ஃபில்டர். எங்கள் மெஷினில் இதுவரை கிடைத்தவை: ஏழு ஊக்கு, ஒரு பித்தளைத் தாயத்து, 17 ரூபாய் சில்லறை.

கீசரை நான் தொடுவதில்லை. தண்ணீருக்குள்ளேயே மின்சாரக் காயில் மூழ்கியிருக்கிற சாமான் அது. உப்புத் தண்ணி லைனில் மாட்டியிருந்தால் காயில் மேல் சுண்ணாம்பு கட்டி, சூடு ஏற நேரமாகும். வருடத்துக்கு ஒருமுறை ஆளை வைத்துச் சுரண்டி, அரித்துப்போகும் மக்னீசியக் கம்பியையும் மாற்றச் சொல்ல வேண்டும். அதுவும் பலியாடுதான், டேங்குக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கிறது. டேங்க்கே ஓட்டையாகிவிட்டால் பற்றவைக்கக் கொண்டுபோகாதீர்கள், மாற்றிவிடுங்கள். கீசர் இருக்கிற வீட்டில், கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் உள்ள எந்தச் செலவுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

எல்.இ.டி. பல்பைப் பிரித்து, கருகின புள்ளியை ஈயம் வைத்துச் சேர்த்து எரியவிடுகிற வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. எரியும்தான். மிச்சப் புள்ளிகளுக்கு அழுத்தம் கூடி அவையும் சீக்கிரம் போகும், பல பல்புகளில் உள்ளே தொட்டால் நேரடியாக மெயின் கரண்ட். நூறு ரூபாய் பல்புக்கு அது தேவையா?

பேரீச்சம்பழக் கணக்கு

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று சைக்கிளில் கூவிக்கொண்டு வருவார்களே, இப்போது ஷோரூம்களில் அதற்குப் பெயர் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். பழைய மிக்ஸிக்கு 500 கழிவு என்பார்கள். பழசைக் கொடுக்காமல் நேரடியாக விலை பேசிப் பாருங்கள், அதில் முந்நூறு, நானூறு எப்படியும் குறைகிறது. மிச்ச நூறு, இருநூறு ரூபாய்தான் உங்கள் மிக்ஸியின் பேரீச்சம்பழம். நிஜமாகவே செத்துப்போன பொருளுக்கு இது மோசமில்லை, முறையாக எடுத்துக்கொள்ளும் இடமாக இருந்தால் மின்கழிவு குப்பைமேட்டுக்குப் போகாமலாவது இருக்கும். கப்ளர் தேய்ந்த மிக்ஸியை அப்படிக் கொடுத்துவிட்டு வருவதுதான் வயிற்றெரிச்சல்.

உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று கம்பெனி கையை விரித்தால், மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் இருக்கிறது. பல கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் திரட்டியிருக்கிறார்கள். புகார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே குறைவு, எலக்ட்ரானிக் பாகம் எதுவானாலும் ரிச்சி தெருவில் ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம்.

கருவிகளுக்கு நான் செய்த முதலீடு சுமார் 1,500 ரூபாய். நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், டெஸ்டர், கட்டிங் பிளேயர், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஒரு மல்டிமீட்டர், டெஃப்லான் டேப் இரண்டு ரோல். பைப் ரெஞ்சைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இதில் என் நேரத்துக்குக் காசு சேர்க்கவில்லை என்று வீட்டுக்காரர் குத்திக்காட்டுவார். சரிதான், கப்ளரோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டியதற்குக் கூலி போட்டால் கணக்கு இடிக்கும். ஆனால் மெக்கானிக்குக்கு போன் போட்டுவிட்டு, இன்று வருவார் நாளை வருவார் என்று வீட்டில் காத்துக்கிடக்கிற நேரத்துக்கு யார் கூலி போடுகிறார்கள்?

ஒன்றே ஒன்று பாக்கி. பின்கட்டு மரக்கதவு ஐப்பசி மழையில் உப்பி, மூட மாட்டேன் என்கிறது. தச்சரிடம் கொடுத்தால் நாளைக்கே இழைத்துத் தருவார், புதுக் கதவு போட பத்தாயிரமாவது ஆகும், இழைப்புளி எதிர்வீட்டில் இரவல் கிடைக்கும். மூன்றில் எதையும் செய்யவில்லை. ஈரத்தில் உப்பிய மரத்தை இப்போது இழைத்தால் பங்குனி வெயிலில் காய்ந்து சுருங்கி, இடுக்கு வழியே பல்லி போகும். தை பிறந்து மரம் காயட்டும், அப்போதும் உரசினால் மேல்முனையில் மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை உள்பக்கமாக ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.